லயத்துக்கு வெளிச்சம் வந்த கணக்கு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தின் கடந்த நூறு வருடங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சம்பளத்தைப் பேசுவார்கள், வாக்குரிமையைப் பேசுவார்கள், வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பேசுவார்கள். வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்தின் நாள் எத்தனை மணிக்கு முடிகிறது, பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கிறது, சுவர் எதனால் கறுக்கிறது என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான். அதை எண்ணிக்கையில் அளக்கவும் முடியும்.

குப்பி விளக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு சின்னப் போத்தல், மூடியில் ஒரு துளை, அதன் வழியே ஒரு துணித் திரி. திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் மண்ணெண்ணெய் தானாகவே மேலேறுகிறது. நுனியில் சூடேறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. ஆனால் சுடரின் நடுவே போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. அங்கே எண்ணெயின் மூலக்கூறுகள் உடைந்து மிக நுண்ணிய கரித்துகள்களாகின்றன. அவை பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்கின்றன. சுடரின் ஓரத்தை அடையும்போது பெரும்பாலானவை எரிந்துவிடும். எரியாமல் தப்பியவை கூரைத் தகரத்திலும் சுவரிலும் மூக்குத் துவாரத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே புகைக்கரியைக் குப்பி விளக்கின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. அது வெளிச்சம் தந்ததே அந்தக் கரியைக் கொண்டுதான். எண்ணெய் முழுமையாக எரிந்திருந்தால் சுடர் மங்கலான நீலமாக இருந்திருக்கும், பக்கத்திலிருப்பவர் முகம்கூடத் தெரிந்திருக்காது.

ஒளியின் அளவை லூமன் என்ற அலகால் சொல்வார்கள். சாதாரணத் திரி விளக்கு ஒன்று தருவது ஏறத்தாழ 10 லூமன். மணிக்கு 10 மில்லிலீற்றர் எண்ணெய் குடிக்கும் விளக்கு கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவதில்லை. அந்தக் கொஞ்ச ஒளியும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்று. விளக்கிலிருந்து அரை மீற்றரில் இருக்கும் கொப்பியின் மீது விழுவது சுமார் 3 லக்ஸ் (ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் லூமன் கணக்கு). வகுப்பறையில் எழுதப் படிக்க 300 லக்ஸ் வேண்டும் என்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், இரண்டு மீற்றர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது 0.2 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவின் வெளிச்சம். நான்கு பிள்ளைகள் ஒரே விளக்கைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள் என்றால் அது ஒழுக்கமோ பாசமோ மட்டுமல்ல. அந்தக் காம்பராவில் வேறு எங்கே உட்கார்ந்தாலும் எழுத்துத் தெரியாது.

தோட்டத்தில் வேறொரு வெளிச்சமும் இருந்தது. காமன் கூத்துக்கும் கலியாணத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வந்துவிடும். அதில் எண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலே தள்ளி, ஆவியாக்கி, காற்றோடு நன்றாகக் கலந்து எரிப்பார்கள். சுடர் நீலமாகத்தான் இருக்கும். வெளிச்சம் தருவது அதன்மேல் தொங்கும் வலை. தோரியம் ஒட்சைட்டும் சிறிது சீரியம் ஒட்சைட்டும் சேர்ந்த அந்த வலை சூடேறினால் வெள்ளையாக ஒளிரும். அதே மண்ணெண்ணெய்தான், எரிக்கும் விதம் மாறியதும் பல மடங்கு வெளிச்சம். ஆனால் அது திருவிழாவுக்கு வாங்கும் வெளிச்சம், பாடம் படிக்க வாங்கும் வெளிச்சமல்ல.

இத்தனைக்கும் மின்சாரம் மலையகத்துக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, ஓடை நீரைக் குழாய் வழியே இறக்கி, தமக்கென்று சிறு சுழலிகளை ஓட்டின. அந்த மின்சாரம் பங்களாவுக்கும் போனது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கையின் நீர்மின் வளத்தைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை முன்வைத்தார். அவர் சுட்டிக்காட்டிய லக்சபானத் திட்டம் இழுபட்டு இழுபட்டு 1950இல்தான் 25 மெகாவாட் நிலையமாக இயங்கத் தொடங்கியது. பின்னர் 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம், 1969இல் மவுஸ்ஸாக்கலை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டும்.

மலையில் மின்சாரம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உயரம். நீரின் எடையையும் அது விழும் உயரத்தையும் பெருக்கினால் ஆற்றல். ஒரு கனமீற்றர் நீர், அதாவது ஆயிரம் லீற்றர், 400 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால், குழாயிலும் சுழலியிலும் வீணாவது போக, ஏறத்தாழ ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாட்-மணி, மின்சாரம் கிடைக்கும். சமவெளியில் 10 மீற்றர் வீழ்ச்சிதான் கிடைக்கும் என்றால் அதே ஓர் அலகுக்கு நாற்பது மடங்கு நீர் வேண்டும். களனி கங்கையின் தலைமாட்டில் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிலையங்கள் கட்டியதன் சூட்சுமமும் இதுதான். ஒரே நீர் இறங்கும் வழியில் பல முறை வேலை செய்கிறது.

பிறகு ஏன் அணைக்குப் பக்கத்திலேயே இருந்த லயங்கள் இருட்டில் கிடந்தன? பாதிப் பதில் இயற்பியலில் இருக்கிறது. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 மெகாவாட்டை வீட்டுக்குரிய 230 வோல்ட்டில் கொழும்புக்கு அனுப்புவதென்றால் ஒரு லட்சம் அம்பியருக்கு மேல் ஓட வேண்டும்; கம்பி உருகிவிடும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் ஓட்டம் பத்தில் ஒன்றாகும், இழப்பு நூறில் ஒன்றாகும். அதனால் மின்மாற்றியால் பல பத்தாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புகிறார்கள். தேயிலை மலைக்கு மேலே கோபுரம் கோபுரமாகப் போகும் அந்தக் கம்பியிலிருந்து ஒரு மின்குமிழுக்கு நேராக இணைப்பு எடுக்க முடியாது. மறுபடி இறக்க உபநிலையம், மின்மாற்றி, தூண், கம்பி எல்லாம் வேண்டும். அத்தனைக்கும் யாராவது காசு போட வேண்டும்.

மீதிப் பதில் இயற்பியலில் இல்லை. லயம் தோட்டத்தின் சொத்து. குடியிருந்தவரிடம் காணி உறுதியும் இல்லை, 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானோரிடம் குடியுரிமையும் இல்லை. மின்மாற்றி கேட்டு மனுப் போடக்கூட முகவரி சரியாக இருக்க வேண்டுமே. பல தோட்டங்களின் லயங்களுக்கு மின்சாரம் வரும்போது 1990களும் ஆகிவிட்டன.

இடைக்காலத்தில் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1979இல் இலங்கையில் தொலைக்காட்சி வந்த பிறகு, மின்சாரமில்லாத லயங்களிலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஓடின, கார் பற்றரியில். 12 வோல்ட், 60 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் முழுதாகச் சேமிக்கக்கூடியது 0.72 அலகு. ஓர் அலகுகூட இல்லை. அதற்காகச் சுமார் 15 கிலோ ஈயத்தையும் அமிலத்தையும் தோளில் வைத்துச் சந்திக்கு இறங்கி, காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றி, மறுபடி மலையேறினார்கள். கீழே பள்ளத்தாக்கில் ஒரு தாங்கி நீர் இறங்கும் நேரத்தில் உண்டாகும் மின்சாரம் அது. மலையகத்தில் பட விருப்பம் எவ்வளவு என்று அளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

மின்சாரம் வந்தபோது முதலில் எரிந்தது இழைக்குமிழ். தங்குதன் இழையை 2,500 பாகை செல்சியஸ் வரை காய்ச்சித்தான் அதில் ஒளி எடுக்கிறோம். 60 வாட்டில் கிடைப்பது 700 லூமன் அளவு, மற்றதெல்லாம் வெப்பம். நுவரெலியாக் குளிருக்கு அதுவும் கொஞ்சம் இதம் என்பது வேறு கதை. எல்.இ.டி. குமிழ் எதையும் காய்ச்சுவதில்லை. குறைகடத்தி ஒன்றில் இலத்திரன்கள் உயர் ஆற்றல் நிலையிலிருந்து இறங்கும்போது நீல ஒளி பிறக்கிறது. மேலே பூசிய பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.க்குத்தான் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு. 9 வாட்டில் 800 லூமன், அதாவது எண்பது குப்பி விளக்கு. ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்தால், குப்பி விளக்கைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

ஆனால் அடுப்படிக்குப் போனால் பல வீடுகளில் இன்னும் கவ்வாத்து மிலாறுதான், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சிதான், எரிகிறது. வெளிச்சத்தில் நடந்த ஆயிரம் மடங்குப் பாய்ச்சல் அங்கே ஏன் நடக்கவில்லை? ஒரு லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.093 அலகு வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் குமிழ் பத்து மணி நேரம் எரியும். இருபது லீற்றர் குளிக்கும் நீரை 15 பாகையிலிருந்து 40க்குச் சூடாக்கினால், குமிழின் கணக்கில் அறுபது மணி நேரத்துக்கு மேல். ஒளியை உண்டாக்க வெப்பம் தேவையில்லை என்று கண்டுபிடிக்க முடிந்தது. நீரைச் சூடாக்க வெப்பம் தேவையில்லை என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அங்கே குறைக்கக்கூடியது வீணாவதை மட்டும்தான். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பானைக்குப் போகிறது. சுற்றிலும் மூடிய களிமண் அடுப்பில், இலங்கையில் பரவலாக விற்கும் ‘அனகி’ இரட்டை அடுப்பைப் போன்றவற்றில், அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மிலாறு பாதியாகும், சுமையும் பாதியாகும். புகையும் குறையும்; ஆனால் நின்றுவிடாது, அதற்குப் புகைபோக்கி வேண்டும்.