272 என்ற எண் அரசியலமைப்பில் இல்லை

தேர்தல் முடிவு வரும் நாளில் டிவி திரை முழுக்க 272 ஓடும். மக்களவையின் 543 இடங்களில் பாதியைத் தாண்டும் கணக்கு அது. ஆனால் பிரதமர் நியமனம் பற்றி அரசியலமைப்பின் 75(1) பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார். யாரை அழைப்பது, எத்தனை இடம் வேண்டும் என்ற பேச்சே கிடையாது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று 75(3)-ல் ஒரு வரி வருகிறது. மற்றதெல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்து வளர்ந்த மரபு.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோதுதான் மரபு தடுமாறும். தனிப்பெரும் கட்சியை அழைத்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் சட்டம் இல்லை. 1989-ல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் முதலில் ராஜீவ் காந்தியைத்தான் கேட்டார்; அவர் மறுத்த பிறகே வி.பி. சிங். 1996-ல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்ற அடிப்படையில் வாஜ்பாயை அழைத்தார். 13 நாளில், வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா. 1998-ல் கே.ஆர். நாராயணன் அந்த ரிஸ்க்கை எடுக்கவில்லை. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார். 18 எம்.பி.க்கள் வைத்திருந்த அ.தி.மு.க.வின் கடிதத்துக்காக டெல்லியே காத்திருந்தது நினைவிருக்கலாம். கடிதம் வந்தது, வாஜ்பாய் அரசு 274–261 என்று நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வென்றது. அடுத்த ஆண்டே அதே கட்சி ஆதரவை விலக்க, 1999 ஏப்ரல் 17-ல் அரசு 269–270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது.

ஆகவே கடிதம் அழைப்பு வாங்கித் தரும், அவ்வளவுதான். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில்தான் பார்க்க வேண்டும் என்று கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் சொன்னது மாநில அரசு பற்றி. மத்தியிலும் நடைமுறை அதுவே. அங்கேயும் 272 கட்டாயம் இல்லை. வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும்: 500 பேர் வாக்களித்தால் 251. வெளிநடப்புக்கு இவ்வளவு பேரம் நடப்பது இதனால்தான். எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை, அதாவது கொறடா உத்தரவை மீறியவரின் பதவி பிறகு பறிபோகலாம். போட்ட வாக்கு என்னவோ கணக்கில் சேர்ந்துவிடும்.

எம்.பி.யாக இல்லாதவரும் பிரதமராகலாம். 1991-ல் நரசிம்மராவும் 1996-ல் தேவகவுடாவும் அப்படித்தான் பதவியேற்றார்கள். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும். தேர்தலில் வெல்லாமல், ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்கும் குறுக்குவழியை 2001-ல் ஒரு பஞ்சாப் அமைச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. மாநிலங்களவை உறுப்பினரான பிரதமர் மக்களவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. 2008 ஜூலையில் மன்மோகன் சிங் தம் அரசின் நம்பிக்கைத் தீர்மானத்துக்கே வாக்களிக்க முடியாமல்தான் வென்றார்.

பிரதமர் பதவியில் இருக்கும்போதே இறந்தால்? துணைப் பிரதமர் என்றொரு பதவியே அரசியலமைப்பில் இல்லை, தானாக ஏறிக்கொள்ள. வேறொருவருக்குப் புதிதாகப் பிரமாணம் செய்துவைத்தே ஆக வேண்டும். 1964-லும் 1966-லும் குல்சாரிலால் நந்தா அப்படிப் பதவியேற்று, கட்சி தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் விலகினார். இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31-ல் அந்த இடைவெளியும் இல்லை. அன்று மாலையே ராஜீவ் காந்தி பதவியேற்றார்.