கரண்ட் மீற்றர் பார்க்க வருபவரைத் திட்டாதீர்கள்

"மீற்றர் பார்க்கிறவர் மூன்று நாள் பிந்தி வந்தார், அதால கரண்ட் பில் அடுத்த கட்டணப் படிக்குப் போய்விட்டது." கொழும்பில் வெள்ளவத்தையிலும் இதே கதை, கொட்டாஞ்சேனையிலும் இதே கதை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பில்லில் நாட்களின் எண்ணிக்கையை அச்சடிப்பது அழகுக்கா? குறைந்த கட்டணத்துக்கான 60 யூனிற் என்ற எல்லை 30 நாளுக்கு உரியது. 33 நாள் கழித்து வந்தால் எல்லை 66 ஆகும். 27ஆம் நாளே வந்தால் 54 ஆகச் சுருங்கும். மொத்த யூனிற்றை நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 யூனிற்றுக்கு மேல் போனால்தான் அந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள். அவர் எப்போது வந்தாலும் அந்த 2 மாறாது.

பயப்பட வேண்டியதும் அந்த 2க்குத்தான். 2025 ஜூன் கட்டணப்படி 30 நாளில் 60 யூனிற் என்றால், முதல் 30க்கு 4.50 படி 135 ரூபா, அடுத்த 30க்கு 8 படி 240, நிலையான கட்டணம் 210. மொத்தம் 585. 61 ஆனதும் அட்டவணையே வேறு: முதல் 60க்கும் 12.75, 61ஆவதற்கு 18.50, நிலையான கட்டணம் 400. 1,183.50 ரூபா! வரி தனி. அதற்குப் பிறகு 90, 120, 180 என்று தாண்டும்போது மிஞ்சிய யூனிற்றுகளுக்கு மட்டும்தான் கூடிய விலை. "180 தாண்டினால் எல்லாத்துக்கும் உச்ச விலை" என்பது சும்மா கதை. ஆனால் நிலையான கட்டணம் ஒவ்வொரு படியிலும் ஏறும்.

வீட்டுக்கும் அனெக்ஸுக்கும் ஒரே மீற்றரா? ஆளுக்கு 55 யூனிற் எரித்தாலும் பில் 110க்குத்தான் வரும். வாடகைக்கு வருமுன் இதைக் கேளுங்கள்.

மாடிக் குடியிருப்புக்காரர் முதலில் பில்லிலுள்ள மீற்றர் இலக்கமும் சுவரிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பழைய தட்டு மீற்றரில் சிவப்புக் கட்டத்து இலக்கம் தசமம். அதையும் சேர்த்து வாசித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

மீற்றரே கூடுதலாக ஓடுகிறது என்ற சந்தேகமா? மெயினைப் போட்டபடியே எல்லா பிளக்கையும் கழற்றி, விளக்கு, மின்விசிறி, ஹீற்றர் சுவிட்சுகளையும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் மீற்றரிலுள்ள சிவப்பு வெளிச்சம் சிமிட்டாவிட்டால் வயரிங்கில் பில்லை ஏற்றுமளவு கசிவு இல்லை. பிறகு 2000 வாற் கேத்தலை மட்டும் போடுங்கள். 1600 இம்பல்ஸ் மீற்றரில், அதாவது ஒரு யூனிற்றுக்கு 1600 முறை சிமிட்டுவதில், நிமிடத்துக்கு 53 சிமிட்டல் அளவில் வரவேண்டும். 70, 80 வந்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். மீற்றர் சீலில் மட்டும் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.