உமியைப் பறக்கவிடும் 'ப'

'பேக்' என்று தமிழில் எழுதினால் ஆங்கிலத்தில் அது எந்தச் சொல்? முதுகாக இருக்கலாம். தோளில் மாட்டும் பையாக இருக்கலாம். மூட்டை கட்டுவதாகவோ, அடுமனையில் ரொட்டி சுடுவதாகவோகூட இருக்கலாம். ஆங்கிலக் காதுக்கு இவை நான்கும் வெவ்வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் நான்குக்கும் ஒரே வடிவம்.

இதை நம் எழுத்தின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பல்' என்னும்போது வரும் பகரமும் 'தம்பி' என்னும்போது வரும் பகரமும் ஒலியில் வேறு வேறுதான். ஆனால் எங்கே எது வரும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே தீர்மானித்துவிடுகிறது. சொல்லின் தொடக்கத்திலும், 'அப்பா' போல இரட்டிக்கும்போதும் குரல் கலக்காத, அதாவது தொண்டை அதிராத ஒலி. மெல்லின மெய்யை அடுத்து வந்தால் குரல் கலந்த ஒலி. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் இன்னும் இளகிப்போகும். இடமே காட்டிக்கொடுக்கும்போது தனி எழுத்துக்கு என்ன தேவை?

ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. சொல்லின் முதலில் இரண்டு ஒலியும் வரும், கடைசியிலும் இரண்டும் வரும், எது வந்தது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிப்போகும். மயிலாடுதுறையில் மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இதுதான் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. ஆங்கில மெய்யொலிகளில் பெரும்பாலானவை நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் அவற்றை வைக்காத இடத்தில் வைத்துச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பெண்கள் பலர் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இணையவழிப் பயிற்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் பேசிவிட்டு வந்து கேட்டார்: "சார், நான் மாத்திரைன்னுதான் சொன்னேன். அந்தம்மா ரசீதான்னு கேக்குறாங்க. பில்லுன்னு தெளிவாத்தானே சொன்னேன்?"

"தெளிவாத்தாம்மா சொல்லியிருப்பீங்க. தமிழ்ல அது சரியான ப. அவங்க காதுக்கு அது போதல."

ஏன் போதவில்லை என்பதை விளக்கக் குரல்வளைக்குள் போக வேண்டும். திருவாவடுதுறையில் செய்யும் நாதஸ்வரச் சீவாளியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாணல் தட்டையில் சீவிய இரண்டு இதழ்கள் நெருங்கி நிற்கின்றன. நடுவே காற்று பாயும்போது அவை அடித்து அடித்து அதிர்ந்து நாதம் பிறக்கிறது. நம் தொண்டையில் இருக்கும் குரல்நாண்களும் அப்படி இரண்டு மடிப்புகள்தான். நெருங்கி வந்தால் அதிரும், குரல் பிறக்கும். விலகி நின்றால் காற்று சத்தமில்லாமல் மேலே போய்விடும். வளர்ந்த ஆணுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்ணுக்குச் சுமார் 200 தடவையும் இந்த அதிர்வு நடக்கிறது. தொண்டையில் விரலை வைத்து 'ம்ம்ம்' என்று சொன்னால் கையிலேயே தெரியும். 'ஸ்ஸ்ஸ்' என்றால் ஒன்றும் தெரியாது.

இனி 'ப'. உதடுகள் மூடுகின்றன, பின்னால் காற்று அழுத்தம் சேர்கிறது, உதடுகள் திறக்கின்றன. இந்த மூன்றும் எல்லா மொழியிலும் ஒன்றுபோலத்தான். வேறுபடுவது, உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. 1964-ல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள். அந்த 11-ல் தமிழும் ஒன்று. நொடியை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் மில்லி விநாடிக் கணக்கில், சொல்லின் தொடக்கத்தில் வரும் தமிழ்ப் பகரத்துக்குச் சராசரியாக 12 கிடைத்தது. ஆங்கிலத்தில் மாத்திரையைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலிக்குச் சுமார் 58. ரசீதைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலிக்கோ வெறும் 1, அதாவது உதடு திறந்தவுடனே குரல்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடைய 12 எதற்கு அருகில் இருக்கிறது? உதட்டில் பிறக்கும் இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஆங்கிலக் காது கோடு கிழிப்பது ஏறக்குறைய 25-ல். நாம் சுத்தமாகச் சொல்லும் பகரம் அந்தக் கோட்டின் ரசீதுப் பக்கம் விழுகிறது. அந்தப் பெண் எத்தனை தடவை திருத்தமாகத் திரும்பச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் காதில் அதே தப்புத்தான் விழும், ஏனென்றால் திருத்தமும் தமிழ்த் திருத்தமாகவே இருக்கிறது.

58 மில்லி விநாடியில் என்ன நடக்கிறது? காற்று மட்டும் வெளியே வருகிறது. அந்த மூச்சுதான் ஆங்கிலப் பகரத்தின் அடையாளம். பயிற்சிக்கு நம் ஊரில் செலவில்லாத கருவி ஒன்று உண்டு. நெல் அரவை மில்லிலிருந்து ஒரு பிடி உமி எடுத்து, உள்ளங்கையில் மெல்லிதாகப் பரப்பி, உதட்டுக்கு நேராக இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொல்லுங்கள். உமி அநேகமாக அசையாது. இப்போது 'ப்' என்று உதட்டைத் திறந்து, ஒரு சின்ன 'ஹ்' விட்டு, அப்புறம் மாத்திரைக்கான சொல்லின் மீதியைச் சொல்லுங்கள். உமி பறந்தால் ஒலி வந்துவிட்டது. காகிதத் துண்டு வைத்தும் செய்யலாம், ஆனால் உமி இன்னும் நுட்பமாகக் காட்டும்.

நாக்கு நுனியில் பிறக்கும் ஒலிக்கும் ககர ஒலிக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் முன்னதற்குச் சுமார் 70, பின்னதற்குச் சுமார் 80. மூச்சு வேண்டியது சொல்லின் தொடக்கத்திலும் அழுத்தம் விழும் அசையின் தொடக்கத்திலும் மட்டுமே. 'ஸ்டார்', 'ஸ்கூல்', 'ஸ்பூன்' போல முன்னால் ஸகரம் வந்தால் ஆங்கிலேயரும் மூச்சு விடுவதில்லை. மூச்சைப் பொறுத்தவரை அங்கே நம் தமிழ் ஒலி பொருந்திவிடும். எல்லா இடத்திலும் ஊதித் தள்ளுகிறவர்களை நான் தடுத்து நிறுத்துவது இதனால்தான்.

நாக்கு நுனி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'டீ', 'டைம்' என்று நாம் சொல்லும்போது நாக்கை மேலே மடித்து அண்ணத்தைத் தொடுகிறோம். ஆங்கிலத்தில் நாக்கு மடங்குவதில்லை, மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடுகிறது. தமிழில் அந்த இடத்துக்கு உரியது றகரம். 'காற்று', 'பற்று' என்பவற்றில் இருந்த அந்த ஒலி நம் பேச்சில் 'காத்து', 'பத்து' என்று பல்லுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரப் பெயரை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதற்கு அதுவே காரணம். அவர்கள் 'காற்று' என்று சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது நல்ல பயிற்சி.

ரசீதின் பக்கம் வருவோம். சொல்லின் முதலிலேயே குரல் கலந்த பகரம் வராதவர்களுக்கு நான் கொடுப்பது 'தம்பி'. 'தம்ம்ம்பி' என்று மகரத்தை நீட்டிச் சொல்லுங்கள். பிறகு 'த'வை விட்டுவிட்டு 'ம்ம்ம்பி' மட்டும். பிறகு மகரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தொண்டையின் அதிர்வு உதடு திறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்கும். ஆங்கிலேயர் பெரும்பாலும் அவ்வளவு முன்னால் தொடங்குவதில்லை, ஆனால் முந்தித் தொடங்கினால் குழப்பம் வராது. 'வண்டி', 'தங்கம்', 'பஞ்சு' ஆகியவற்றிலிருந்து ட, க, ச மூன்றின் குரல் கலந்த ஒலிகளையும் இதே வழியில் கழற்றி எடுக்கலாம்.

இதைவிட அழகானது 'அது'. அதைச் சாதாரணமாகப் பேசுங்கள். நாக்கு பல்லை அழுத்தி அடைக்கிறதா? பெரும்பாலானோருக்கு அடைக்காது, லேசாக உரசிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் 'இது', 'அவர்கள்', 'அங்கே' என்பதற்கான சொற்களின் தொடக்க ஒலி ஏறக்குறைய அதுவேதான். 'அ'வை மெல்ல விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னால் போதும். தினமும் நூறு தடவை சொல்லும் ஒலியைத் தேடி, நாக்கை வெளியே நீட்டிக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் திண்டாடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சொல்லப்போனால் இந்த நாக்கு நீட்டும் ஒலிக்கு வகுப்புகளில் செலவாகும் நேரம் மிக அதிகம் என்பது என் கருத்து. தாய்மொழி ஆங்கிலம் அல்லாத பல நாட்டவர் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்த ஒலி பிசகினால் உண்மையிலேயே விளங்காமல் போகிறது என்பதை பிரிட்டனைச் சேர்ந்த மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். அவருடைய முடிவில், நாக்கு நீட்டும் ஒலிக்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாலும் பேச்சு விளங்கிவிடுகிறது. விட்டுவிடக் கூடாதவற்றில் இரண்டு: சொல் முதலில் வரும் அந்த மூச்சு, சொல் கடைசியில் வரும் மெய்க்கு முன்னால் உயிரின் நீளம்.

இரண்டாவதைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதே இல்லை. ஆங்கிலத்தில் அரிசி 'ரைஸ்', எழுவதும் 'ரைஸ்'. விலை 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்'. முன்னதில் கடைசி ஒலி குரல் கலக்காத ஸகரம், பின்னதில் குரல் கலந்தது என்று புத்தகம் சொல்லும். காது அதை மட்டும் கேட்பதில்லை. சொல்லின் கடைசிக்கு வரும்போது ஆங்கிலேயருக்கும் குரல் அடங்கிப்போவதுண்டு. அவர்கள் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முன்னால் இருக்கும் உயிரை வைத்து. கடைசி மெய் குரல் கலந்ததாக இருந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். அரிசியில் 'ஐ' வெடுக்கென்று முடிகிறது. எழும்போது நீள்கிறது. நாம் 'கேப்' என்றே எழுதும் தொப்பிக்கும் வாடகைக் காருக்கும், 'பேக்' என்றே எழுதும் முதுகுக்கும் பைக்கும் நடுவே உள்ளதும் இதே நீளம்தான். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த நமக்கு இது கைவந்த வித்தை. எங்கே நீட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

தடையாக இருப்பது வேறொன்று. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் 'லைட்டு', 'கப்பு', 'பஸ்ஸு' என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது, ஓரசைச் சொல் ஈரசையாகிவிடுகிறது. உகரத்தை விரட்டு என்று சொன்னால் யாருக்கும் வராது. அடுத்து உயிரில் தொடங்கும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் வந்துவிடுகிறது. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவதைப் பள்ளியில் புணர்ச்சி இலக்கணத்தில் படித்தோமே, அதே செயல். 'கெட் அப்' என்பதைக் 'கெட்டப்' என்று சேர்த்துச் சொல்லிப் பழகி, பிறகு பின்பாதியைச் சொல்லாமல் நாக்கை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். திறக்காமல் விட்டாலும் ஆங்கிலத்தில் அது முழு ஒலியே.

மற்றவை சீக்கிரம் வரும். வகரம் பல்லும் இதழும் சேரப் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. இன்று நாம் அந்தச் சேர்க்கையைத் தளர்த்திவிட்டோம். மேல்பல்லைக் கீழுதட்டில் உண்மையாகவே வைத்து உரசினால் ஆங்கில வேனின் முதல் ஒலி, அதிலேயே குரலை நிறுத்தினால் ஃபேனின் முதல் ஒலி. தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லில் பல்லுக்கு வேலையே இல்லை. 'ஒரு' என்பதை நாம் பேச்சில் 'வொரு' என்று தொடங்குகிறோமே, அப்போது உதடு குவிவதுபோலக் குவிந்தால் சரி. உயிரியல் பூங்காவை 'ஜூ' என்பவர்கள், 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே தொண்டையில் ரீங்காரத்தைச் சேர்த்துப் பார்க்கட்டும். அமெரிக்கர்களின் ரகரத்துக்கோ ழகரமே வழி, ஏனென்றால் இரண்டிலும் நாக்கு எதையும் தொடுவதில்லை. 'வாளப்பளம்' என்று பேசிப் பழகியவர்கள் முதலில் 'வாழைப்பழம்' சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் காது தயாராக வேண்டும். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-ல் கனடாவில் காட்டியது இது: ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் தகர டகர வேறுபாட்டைக் கேட்டுப் பிரிக்கின்றன, ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் த, ட ஆங்கிலேயக் காதுக்கு ஒன்றாகிப்போவதும், அவர்களுடைய மாத்திரையும் ரசீதும் நம் காதுக்கு ஒன்றாகிப்போவதும் ஒரே காரணத்தால்தான். தாய்மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டை மூளை கண்டுகொள்ளாமல் விடுகிறது.

அது நிரந்தரமல்ல. ரகர லகர வேறுபாடு கேட்காத ஜப்பானியப் பெரியவர்களுக்கு ஜான் லோகன், ஸ்காட் லைவ்லி, டேவிட் பிசோனி ஆகியோர் பயிற்சி கொடுத்து 1991-ல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருவது. பல பேர் குரலில், பல சொற்களில் இணை இணையாகக் கேட்கவைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் சரி தவறு உடனே சொன்னார்கள். காது திறந்தது. 1997-ல் வந்த இன்னோர் ஆய்வில், கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களுக்கு உச்சரிப்பும் சேர்ந்து மேம்பட்டது தெரிந்தது. கேட்டுக் கற்கும் இந்த வழி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1716-ல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்தது. நெடுங்கணக்கைப் பல பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக் கேட்டு வளரும் திண்ணைப் பள்ளி முறையில், இந்த ஆய்வாளர்கள் சொன்னதில் பாதி ஏற்கெனவே இருந்தது.

வகுப்பில் நாங்கள் செய்வது இது. மேசைமேல் ஒரு மாத்திரை அட்டை, ஒரு ரசீது, ஒரு தொப்பி, ஒரு பொம்மைக் கார். ஒருவர் முகம் தெரியாதபடி திரும்பி நின்று சொல்ல வேண்டும், உதட்டைப் பார்த்து ஊகிக்க முடியாது. மற்றவர் கேட்ட பொருளை எடுத்து உயர்த்த வேண்டும். தப்பான பொருள் எழுந்தால் யாரும் திருத்துவதில்லை, சொன்னவரே மூச்சையோ நீளத்தையோ மாற்றி மறுபடி சொல்கிறார். ஒரே ஆளின் குரலுக்குக் காது பழகிவிடாதபடி ஜோடிகளை அடிக்கடி மாற்றுகிறோம். வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் இணையத்தில் ஒரே சொல்லைப் பல பேர் சொல்லும் பதிவுகளைக் கேட்டு, தங்கள் குரலைக் கைப்பேசியில் பதிந்து, ஒரு நாள் கழித்துத் தாங்களே பொருளை ஊகித்துப் பார்க்கலாம். உடனே கேட்டால் எது சொன்னோம் என்பது நினைவில் இருக்கும், காதுக்குச் சோதனையாக அமையாது.