பதுக்கினேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி, வங்கிக் கடனுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்படிக் கடிதங்களையும் ஆய்வேடுகளையும் திருத்துவதுதான் என் பிழைப்பு. எழுதியது அவருடைய மகன், பி.காம். முடித்தவன். இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிடங்கில் 40 டன் துவரம் பருப்பு இருக்கிறது என்று சொல்ல வந்த இடத்தில், 'வி ஹேவ் ஹோர்டட்' என்று எழுதியிருந்தான்.

வாசித்ததும் பக்கென்று இருந்தது. உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

ஹோர்ட் என்றால் நிறையச் சேர்த்து வைப்பது என்று அகராதி சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் பருப்பு வியாபாரி அதைச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பதுக்கல். 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில், இருப்பு வரம்பை மீறினால் ஏழு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய அரசு வரம்பு விதித்தபோதுகூட, மொத்த வியாபாரிக்கு 200 டன் வரை அனுமதி இருந்தது. அதோடு பார்த்தால் அண்ணாச்சியின் 40 டன் ஒன்றுமே இல்லை. நேர்மையாக வாங்கி வைத்த சரக்குக்குக் குற்றத்தின் பெயரை வைத்து, கீழே கடை முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

பையனிடம் கேட்டேன். முதலில் 'ஸ்டோர்' என்றுதான் எழுதினானாம். அது ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேர்டில் ஷிஃப்டையும் எஃப் 7-ஐயும் சேர்த்துத் தட்டினால் இணைச்சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அதில் கெத்தாகத் தெரிந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டான். என்னிடம் வரும் கோளாறுகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

இணைச்சொல் பட்டியல் என்பது உறவுக்காரர்களின் பட்டியல் மாதிரி. எல்லாரும் ஒரே குடும்பம். அதற்காக மாமா கையெழுத்தைச் சித்தப்பா போட முடியுமா? 1852-இல் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் தெசாரஸ் என்ற தன் இணைச்சொல் நூலை வெளியிட்டபோது, சொற்களைக் கருத்துவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று அதற்குப் பொருளில்லை. வேடிக்கை என்னவென்றால், தெசாரஸ் என்ற சொல்லுக்கே மூலத்தில் கருவூலம் என்று அர்த்தம். ஹோர்டும் பழைய ஆங்கிலத்தில் புதையல்தான். 2009-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வயலில் கிடைத்த ஆங்கிலோ சாக்சன் தங்கத்தை ஸ்டாஃபோர்ட்ஷயர் ஹோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும்வரை அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. கிடங்குக்குள் வந்தால் போய்விடும்.

அடுத்த ஆபத்தான சொல் 'அமாஸ்', அதாவது ஏராளமாகத் திரட்டுவது. அறிவை அமாஸ் செய்யலாம், ஆதாரங்களையும் செய்யலாம், பிரச்சினை இல்லை. ஆனால் மாணவர் விசாவுக்காக அப்பா எழுதும் கடிதத்தில், "மூன்று வருடத்தில் முப்பது லட்சம் அமாஸ் செய்தேன்" என்று வந்தால்? நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்தச் சொல் அதிகம் தென்படுவது சொத்துக் குவிப்பு வழக்குச் செய்திகளில். சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர் 'சேவ்' செய்தார் என்று எழுதினால் போதும். நாமும் தமிழில், "என் அப்பா பணம் குவித்தார்" என்று சொல்ல மாட்டோமே, சேர்த்தார் என்றுதானே சொல்வோம்?

ஹீப், பைல், ஸ்டேக் மூன்றையும் குழப்பிக்கொள்வதால் யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் படிப்பவர் கண்ணில் படம் மாறிவிடும். களத்தில் தூற்றிக் கொட்டிய நெல் அம்பாரம் ஹீப். கிடங்கில் மூட்டைகளை வரிசை பிடித்து அட்டி போட்டால் அது ஸ்டேக். வைக்கோல் போருக்கும் அதே சொல்தான். பைல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: ஒன்றின்மேல் ஒன்று இருக்கும், அடுக்கி வைத்ததாகவும் இருக்கலாம், போட்டதாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளை ஹீப்பாக வைத்திருந்ததாக ஒரு முனைவர் பட்ட மாணவி எழுதியிருந்தார். அந்த ஆய்வகத்தை நினைத்தாலே எனக்குக் கை அரித்தது. (போனில் பேசும்போது சரக்கிருப்பையும் அடுக்கையும் பலர் 'ஸ்டாக்' என்றே சொல்கிறார்கள். எது என்று கேட்டுக்கொள்ளாமல் நான் எழுதுவதில்லை.)

'பிளெதோரா' இப்போது ஆய்வேட்டுக்கு ஆய்வேடு வருகிறது. பழைய மருத்துவத்தில் உடம்பில் ரத்தம் மிகுந்துபோன கோளாறுக்கு அந்தப் பெயர். அதனால் வேண்டியதற்கு மேல் என்ற நெடி அதில் இன்னும் கொஞ்சம் உண்டு. ஏராளம் என்பதைவிட எக்கச்சக்கம் என்பதற்குத்தான் அது பக்கம். 'ஸ்பேட்' முதலில் ஆற்று வெள்ளம். திருட்டு, விபத்து என்று அடுத்தடுத்து வருவதற்குத்தான் அதை அதிகம் சொல்வார்கள். ஒரு கல்லூரி மலரில் மாணவர் சாதனைகளுக்குப் போட்டிருந்தார்கள். அடித்துவிட்டு 'மெனி' என்று எழுதிக் கொடுத்தேன். சப்பென்று இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

நான் செய்வது சின்ன வேலைதான். பட்டியலில் ஒரு சொல் பிடித்திருந்தால், அதை இணையச் செய்தித்தளங்களில் தேடி நாலு வாக்கியம் படிப்பேன். அந்தக் காரியத்தை யார் செய்கிறார்கள், போலீஸ் வருகிறதா என்று பார்ப்பேன். பையனிடமும் இதைத்தான் சொன்னேன். 'ஸ்டோர்' மூன்றாவது முறை வந்தால் வரட்டும், வங்கி மேலாளர் அதற்காகக் கடனை மறுக்கப் போவதில்லை.

கடிதத்தைத் திருத்தி அனுப்பிய மறுநாள் அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"தம்பி, கடைசிப் பத்தியில கடைக்கு வச்ச விளம்பர ஹோர்டிங் செலவுன்னு போட்டிருக்கீங்களே, அதுவும் பதுக்கல்தானே?"

இல்லை அண்ணாச்சி, அது வேறு வம்சம் என்றேன். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த மரத்தடுப்புச் சொல். கட்டடம் கட்டும் இடத்தைச் சுற்றிப் பலகை அடிப்பார்கள், அதில் விளம்பரம் ஒட்டுவார்கள், அப்படியே பெயர் நின்றுவிட்டது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு வம்பு, போர்டுன்னே போட்டுருங்க."

போட்டேன்.