அஞ்சு வோல்ட் தானே என்று சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாறசாலையிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டிபன் டப்பா. உள்ளே ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு சாமான் ஒன்று, நிமிர்த்தி வளைத்த ஜெம் கிளிப் ஒன்று. "சேட்டா, இது ஒண்ணு நோக்கணும். சார்ஜும் ஏறல, ஆனும் ஆகல" என்றார். பையன் வாயே திறக்கவில்லை. பிளஸ் டூ படிக்கிறானாம். அந்த ஜெம் கிளிப்பைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரெண்டு மாசத்தில் இது நாலாவது.

களியக்காவிளையில் போன், லேப்டாப், கேம் கன்சோல் எல்லாம் சர்வீஸ் செய்கிறேன். ஸ்விட்ச் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததில்லை. ஆனால் மார்த்தாண்டம் முதல் நெய்யாற்றின்கரை வரை வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அதனால் இங்கே அது நிறையவே உண்டு. லீவுக்கு வரும் அப்பா வாங்கி வருகிறார். வாரண்டி கிடையாது. கெட்டுப்போனால் என்னைப் போல ஒருவன் மேஜைக்குத்தான் வரும்.

அந்த டேப்பைப் பிரித்தேன். உள்ளே விரல் நுனி அளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதாவது புரோகிராம் ஏற்றும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு ஒரு டிபி4056 சார்ஜிங் போர்டு, பழைய நெக்பேண்ட் இயர்போனிலிருந்து கழற்றிய பேட்டரி. பேட்டரி, எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி பொங்கி நின்றது. சார்ஜிங் போர்டின் ஓரம் பழுப்பேறியிருந்தது. ஸ்விட்சின் வலது பக்கத் தண்டவாளத்தை, அதாவது கையில் பிடிக்கும் கண்ட்ரோலரான ஜாய்கானைச் சொருகும் பள்ளத்தை, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வரிசையாக இருக்கும் 10 பின்களில் நாலாவது கருகி, அதன் கீழே பிளாஸ்டிக் உருகிச் சரிந்திருந்தது.

அப்புறம் கன்சோலைத் திருப்பி மாடல் நம்பரைப் படித்தேன். ஹெச்ஏசி-001, பின்னால் அடைப்புக்குறிக்குள் -01. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? டேப் சுற்றிய அந்தச் சாமான், கன்சோலின் பூட்டைத் திறந்து நம் சொந்த புரோகிராமை ஏற்றப் பையன் செய்த டாங்கிள். அந்த மாடலில் இந்த டாங்கிள் வேலையே செய்யாது. நல்ல பேட்டரி போட்டிருந்தாலும், சரியாக ஈயம் வைத்திருந்தாலும் செய்யாது. இந்தப் பையன் மூணு வாரம் உட்கார்ந்து செய்தது, திறக்கவே முடியாத ஒரு பூட்டுக்கான சாவி.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. உள்ளே என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். அந்தச் சிப்பில், தயாரிப்பின்போதே பதிந்துவிடும், கன்சோல் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட் ரோமில் ஒரு பிழை இருப்பதை, ஸ்விட்சை ஆராய்ந்துவந்த கேட் டெம்கினும் ரீஸ்விட்ச்டு குழுவினரும் 2018 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ரிக்கவரி மோடில் யூஎஸ்பி வழியாக நம் சொந்த புரோகிராமை ஏற்றலாம். அந்த மோடுக்குப் போக, கன்சோலை முழுசாக ஆஃப் செய்து, வலது தண்டவாளத்தின் 10-ஆவது பின்னை கிரவுண்டோடு சேர்த்து, வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி பவரை அமுக்க வேண்டும். பின்னைச் சேர்க்கும் கருவிக்குப் பெயர் ஜிக். புரோகிராமை அனுப்பும் குட்டிப் பெட்டிதான் டாங்கிள். ஒரு கம்ப்யூட்டரோ ஆண்ட்ராய்டு போனோ கேபிளோடு இருந்தாலே அனுப்பிவிடலாம். டாங்கிள் இருந்தால் பயணத்தில் வசதி, அவ்வளவுதான்.

ரோமில் இருக்கும் பிழையை அப்டேட் போட்டுச் சரிசெய்ய முடியாது. அதனால் 2018 நடுவிலிருந்து தயாரித்த கன்சோல்களில் அதைத் தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்டார்கள். ஆகவே மாடல் நம்பர் ஹெச்ஏசி-001 என்று மட்டும் இருந்தால் சீரியல் நம்பரைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். பின்னால் -01 இருந்தால் ஆகாது. சின்ன லைட் மாடலா, ஆகாது. ஓலெட் மாடலா, ஆகாது. இதைத் தெரிந்துகொள்ள ரெண்டு நிமிஷம் போதும். என்னிடம் வந்த நாலு பேரில் மூணு பேர் அந்த ரெண்டு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை.

"அஞ்சு வோல்ட் தானே அண்ணா, என்ன ஆயிடப் போகுது?"

இதை நாலு பேரும் சொன்னார்கள். இவன் கடைசியில் வாய் திறந்ததும் இதைச் சொல்லத்தான். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதல்லவா, 12 வோல்ட். அதன் ரெண்டு முனையையும் உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. நம் தோலுக்கு எதிர்ப்பு அதிகம், கரண்ட் அவ்வளவாக உள்ளே போகாது. அதே முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால்? தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே பற்றிக்கொள்ளும், பிடித்திருந்த கை வெந்துபோகும். நம்மூர் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள். வோல்ட் மாறவில்லை, நடுவில் இருந்த பொருள் மாறியது. ஷாக் அடிக்காது என்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்ல. ஷாக்குக்கு வோல்டேஜ் வேண்டும். சூட்டுக்குக் கரண்ட் போதும், கரண்டைக் கொடுக்க ஒரு ஷார்ட் போதும்.

உங்கள் கைக்கு அஞ்சு வோல்ட் ஒன்றுமில்லை, சரி. சிப்புக்கு? அந்தத் தண்டவாளத்தின் நாலாவது பின், ஜாய்கானைச் சார்ஜ் செய்ய வரும் 5 வோல்ட். பத்தாவது பின் மெயின் சிப்புக்குப் போகும் சிக்னல் லைன், அது 5 வோல்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. பின்கள் அவ்வளவு நெருக்கம், கை கொஞ்சம் ஆடினாலே ஜெம் கிளிப் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும். பையன் கன்சோலை ஆஃப்கூடச் செய்யாமல் சொருகியிருக்கிறான். கிளிப் நாலாவது பின்னைக் கிரவுண்டோடு சேர்த்ததும் பின் கருகியது. இதற்குத்தான் பிளாஸ்டிக்கில் வார்த்த ஜிக் இருக்கிறது. வேண்டிய பின்னைத் தவிர வேறு எதையும் அது தொடாது. விலையும் ஒன்றும் பெரிதில்லை. ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின், அலுமினியத் தாள் எதுவும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

இன்னொன்று. கொல்லங்கோடு, நீரோடி பக்கம் கடலோர வீடுகளிலிருந்து வரும் கன்சோல்களில் பின்கள் பச்சை பிடித்திருக்கும். உப்புக் காற்று. அந்தப் பச்சையோடு ஜிக்கைச் சொருகினால் சரியாகத் தொடாது, தொடவில்லை என்று பையன்கள் அழுத்துவார்கள், பின் வளையும். முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தொட்ட பிரஷால் துடையுங்கள். உலரட்டும்.

இனி பேட்டரி. என்னை ராத்திரி தூங்கவிடாதது இதுதான். கன்சோல் போனால் பணம்தான் போகும்.

டிபி4056 போர்டு முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நல்ல போர்டுதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் கடையில் வரும்போதே அது 1 ஆம்பியர் சார்ஜ் செய்யும்படி அமைந்து வருகிறது. அதன் மேல் 122 என்று எழுதிய ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதாவது 1.2 கிலோ ஓம். சார்ஜ் வேகத்தை முடிவு செய்வது அந்தக் கடுகளவு சாமான். உருளை வடிவில் வரும் பெரிய 18650 பேட்டரிக்கு 1 ஆம்பியர் சரி. நெக்பேண்ட் பேட்டரி எவ்வளவு? இவன் எடுத்ததில் 150 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று எழுதியிருந்தது. ஒரு மணி நேரத்தில் நிரப்பினாலே 150 மில்லியாம்பியர்தான் கொடுக்கலாம். இவன் கொடுத்தது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அந்த 122-ஐ எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் 130 மில்லியாம்பியருக்கு இறங்கும், தாங்கும். அதைவிடச் சின்ன இயர்பட்ஸ் பேட்டரிக்கு அதுவும் அதிகம், அந்த வேலைக்கே போகாதீர்கள்.

அதே போர்டில் ரெண்டு வகை உண்டு. ஒன்றில் பேட்டரிக்குத் தனியாக ரெண்டு முனை, அவுட்புட்டுக்குத் தனியாக ரெண்டு முனை இருக்கும். அதில் பாதுகாப்பு ஐசி உண்டு, ஷார்ட் ஆனாலோ சார்ஜ் மட்டுமீறினாலோ துண்டித்துவிடும். இன்னொன்றில் பேட்டரிக்கு மட்டும்தான் முனை, பாதுகாப்பு கிடையாது. பையன் வாங்கியது ரெண்டாவது. அஞ்சு ரூபாய் குறைவாம். பேட்டரியிலேயே மஞ்சள் டேப்புக்கு அடியில் ஒரு குட்டிப் பாதுகாப்பு போர்டு இருந்திருக்கும், கம்பி வைக்க இடமில்லை என்று அதையும் வெட்டி எடுத்துவிட்டான். அப்புறம் பேட்டரி முனையான அந்த மெல்லிய தகட்டில் நேரடியாகச் சூடு வைத்திருக்கிறான். அலுமினியத் தகட்டில் ஈயம் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று அழுத்திப் பிடித்தால் சூடு நேராகப் பேட்டரிக்குள் போகும்.

எங்கே வைத்துச் சார்ஜ் செய்தாய் மக்களே என்று கேட்டேன். தலையணைப் பக்கத்தில் என்றான். ராத்திரி முழுக்க. பக்கத்து மெத்தையில் தங்கச்சி. அவன் அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

வீங்கிய பேட்டரியைக் குண்டூசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எங்கிருந்தோ பரவியிருக்கிறது. அது காற்றல்ல, உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து உண்டான வாயு, தீப்பிடிக்கும். குத்தினால் உள்ளே இருக்கும் ரெண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டு, அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும். குத்தாதீர்கள், மடக்காதீர்கள், திரும்பவும் சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள்.

சால்டரிங் அயர்ன் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் ரெண்டு பின் பிளக் அயர்னின் முனையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பல அயர்னில் மினுங்கும். அந்தக் கசிவு உங்களுக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். எர்த் உள்ள மூணு பின் அயர்ன் வாங்குங்கள். கன்சோலோடு எதையும் இணைத்தபடி சூடு வைக்காதீர்கள்.

டாங்கிளைக் கன்சோலில் சொருகும் டைப்-சி பிளக்கையும் நீங்களே கம்பி வைத்துச் செய்யாதீர்கள். 24 பின், அரை மில்லிமீட்டர் இடைவெளி. பவர் வரும் பின்னுக்கு அடுத்ததே, எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று பேசும் பின். ஸ்விட்சின் அடாப்டர் 15 வோல்ட் வரை கொடுக்கும். அந்த 15 பக்கத்துப் பின்னில் ஏறினால், சார்ஜைக் கவனிக்கும் எம்92டி36 என்ற ஐசி போகும். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் கன்சோல்களில் நான் அதிகம் மாற்றுவது அதைத்தான். ரெடிமேட் பிளக் போர்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மாடல் வைத்திருந்து, முறையாகச் செய்கிறவர்கள் எதையும் தொடுமுன் உள் மெமரி 32 ஜிபியையும் முழுசாக பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அந்தக் கன்சோலுக்கே உரிய தகவல்கள் அதில் இருக்கின்றன, இன்னொரு கன்சோலிலிருந்து எடுத்துப் போட முடியாது. எப்போதும் ரிக்கவரி மோடிலேயே எழும்படி அமைத்துவிட்டு பீரோவில் வைக்காதீர்கள். திரை கறுப்பாக இருக்கும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பரீட்சை முடிந்து எடுத்தவனின் பேட்டரியை நான் மாற்றியிருக்கிறேன். ஆன்லைன் ஆட்டத்திலிருந்து அந்தக் கன்சோலைத் தடை செய்யவும் வாய்ப்பு உண்டு.

காசு கொடுக்காமல் கேம் இறக்கத்தான் இதெல்லாம் என்றால் என்னிடம் வராதீர்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

பெற்றோருக்கு ஒன்று. அன்றைக்கு அந்த அப்பா, "இனி இவன் கையில் அயர்ன் கொடுக்க மாட்டேன்" என்றார். அவன் மைக்ரோகண்ட்ரோலரில் வைத்த ஈயத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் பளபளவென்று, கூம்பாக, சுத்தமாக இருந்தது. என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு அந்தக் கை வர ஆறு மாசம் ஆகும். அயர்னைப் பிடுங்காதீர்கள் அண்ணே, ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள் என்றேன். பேட்டரி வேலையை மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். சார்ஜ் செய்வது பகலில், ஓடு பதித்த தரையில், துணி, மெத்தை, ரப்பர் ஷீட் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில்.

அந்த ஸ்விட்சுக்குத் தண்டவாளம் புதுசு வைத்தேன், பவர் ஐசி மாற்றினேன், ஆன் ஆகிவிட்டது. பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் மணல் போட்ட ஒரு தகர டின் வைத்திருக்கிறேன், வீங்கியது எல்லாம் அதில்தான் போகும். உங்கள் வீட்டு மேஜை டிராயரிலும் அப்படி ஒன்று கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் மணலுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் அதை சட்டைப் பையில் போட்டு வராதீர்கள். காசு வேண்டாம், நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.