பருப்பை நிறுத்திவிட்டுச் சுவரொட்டி சாப்பிடுகிறீர்களா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் யூரிக் அமிலத்தின் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் போதும், அன்று மாலையே அந்த வீட்டில் துவரம்பருப்பு டப்பா பரணுக்குப் போய்விடுகிறது. யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. மருத்துவர் சொன்னாரா? இல்லை. பரிசோதனைக் கூடத்தில் அறிக்கையை நீட்டியவர் சொல்லியிருப்பார், அல்லது வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

சென்ற வாரம் உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு 64 வயது. யூரிக் அமிலம் 6.4. மாதக்கணக்கில் பருப்பு, பயறு, கீரை, காளான், காலிஃபிளவர், தக்காளி எதையும் தொடவில்லை. வெறும் புளி ரசமும் சாதமும் ஊறுகாயும்தான் உணவு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்டது. அதற்கு உறவினர்கள் கண்டுபிடித்த வைத்தியம்: வாரம் இரண்டு முறை சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். யூரிக் அமிலத்துக்குப் பயந்து கீரையை விட்டவருக்கு, அந்தப் பயத்தால் வந்த ரத்தசோகைக்காக, உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிக அதிகமுள்ள உறுப்புகளில் ஒன்றைக் கறிக்கடையிலிருந்து வாங்கி ஊட்டியிருக்கிறார்கள்! இதே கதையை வேறு வேறு முகங்களில் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால்தான் படிகமாக உறையத் தொடங்கும். தாண்டியவர்களிலும் பெரும்பாலோருக்குக் கவுட் என்ற மூட்டுவாதம் வருவதேயில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை தருவது பொதுவாகத் தேவையில்லை. கவுட் வந்தால் உங்களுக்கே தெரியும். நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிச் சிவந்து, மேலே போர்வை பட்டால்கூட அலற வைக்கும். காலையில் தரையில் கால் வைத்ததும் குத்தும் குதிகால் வலி பெரும்பாலும் கவுட் அல்ல. மாடிப்படி ஏறும்போது முனகும் முழங்காலும் அல்ல. அந்த அம்மாவுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரேயைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இனி பருப்பு. நம் ஊரில் இதன் மேல் சுமத்தப்பட்ட பழி பழையது. பருப்பும் உருளைக்கிழங்கும் வாயு, வாயு மூட்டில் போய் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது பாட்டி காலத்துக் கணக்கு. அதன் மேல் 'பருப்பில் பியூரின் இருக்கிறது' என்ற அரைகுறைச் செய்தி வந்து ஒட்டிக்கொண்டதும் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. வயிற்றில் உண்டாகும் வாயு மூட்டுக்குப் போவதில்லை. போகிற வழியே கிடையாது. பியூரின் இருப்பது உண்மை, ஆனால் எவ்வளவு? ஒரு வேளைச் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு 20, 30 கிராம். அதில் இருக்கும் பியூரின், ஒரு தட்டு ஈரல் வறுவலில் இருப்பதற்கு அருகில்கூட வராது.

அளவை விடுங்கள், விளைவைப் பார்ப்போம். அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பட்டாணி, பீன்ஸ், பருப்பு வகைகள், பசலைக்கீரை, காளான், காலிஃபிளவர் என்று பியூரின் உள்ள காய்கறிகளை அதிகம் உண்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்களை உண்டவர்களுக்குக் குறைந்தது. வெள்ளைக்காரர்கள் நம்மைப்போல் பருப்பு சாப்பிடுவார்களா என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்வி. சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்விலும் சோயாவும் பருப்பு வகைகளும் அதிகம் உண்டவர்களுக்குக் கவுட் குறைவாகத்தான் வந்தது. கோழியும் மீனும்தான் அங்கே ஆபத்தைக் கூட்டின. இதற்கு மேல் பருப்புக்காக நான் என்ன வாதாடுவது? தக்காளியில் பியூரின் மிகக் குறைவு; சிறுநீரகக் கல் பேச்சில் அடிபடும் அதன் பெயரை இங்கேயும் இழுத்துவிட்டார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. ஈரல், சுவரொட்டி, மூளை, குடல். நெத்திலி, மத்தி, அவற்றின் கருவாடு. வேகும்போது பியூரின் நீரில் இறங்குவதால், கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பையும் சூப்பையும் மட்டும் குடிப்பது தப்பிக்கும் வழியல்ல. பீர் இரட்டைத் தொல்லை: அதிலேயே பியூரின் உண்டு, ஆல்கஹாலோ யூரிக் அமிலம் வெளியேறுவதையும் தடுக்கிறது. 'பீர்தானே, சூட்டைத் தணிக்கும்' என்கிறவர்களிடம் பேசி நான் ஜெயித்ததில்லை.

பலருக்குத் தெரியாதது சர்க்கரை. அதிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் செரிக்கப்படும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. பியூரின் துளியும் இல்லாத குளிர்பானம் உங்கள் எண்ணை ஏற்றும். பாட்டில் பழச்சாறு, கரும்புச்சாறு, 'இயற்கைதானே' என்று காலையில் வெந்நீரில் கலக்கும் தேன், எல்லாம் இதே கணக்குத்தான். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

உணவு ஆலோசகரான நானே சொல்கிறேன்: உணவுக்கு ஓர் எல்லை உண்டு. உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் செல்களிலிருந்தே உருவாகிறது. எவ்வளவு கடுமையான பத்தியம் இருந்தாலும் பொதுவாக 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். அடிக்கடி கவுட் வருபவருக்கு எண் 6க்குக் கீழே இருக்க வேண்டும். 9இல் இருப்பவர் பத்தியத்தால் மட்டும் அங்கே இறங்கமாட்டார். மருத்துவர் எழுதிய மாத்திரையை, வலி போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று: வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பரிசோதனையில் எண் சரியாகவே இருக்கலாம். அதை வைத்துக் கவுட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எடை குறைந்தால் யூரிக் அமிலமும் குறையும், உண்மைதான். ஆனால் பட்டினி கிடந்தோ திடீரென்று மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையில் இறங்கியோ வேகமாகக் குறைத்தால் முதல் வாரங்களில் அது ஏறும். மெதுவாகக் குறையுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அளவு சொல்லியிருந்தால் அந்த அளவோடு நிறுத்துங்கள். மோர் குடியுங்கள், நல்லது. அசைவம் உண்பவர் வாரத்தில் ஓரிரு நாள், சிறிய அளவில், உறுப்புக் கறி இல்லாமல் உண்ணலாம்.

ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகள், இதயத்துக்கான சிறிய ஆஸ்பிரின், காசநோய்க்குத் தரும் பைராசினமைடு ஆகியவை யூரிக் அமிலத்தை ஏற்றும். அதற்காக அவற்றை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. காசநோய் மருந்தைப் பாதியில் விடுவது கட்டைவிரல் வலியைவிடப் பல மடங்கு ஆபத்து. என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் நின்று 'கால் வலிக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் வலி மாத்திரை, யூரிக் அமிலத்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் சாம்பாரைத் தள்ளிவைக்கிறார்கள்.