கயிற்றுப் பாயை இப்படி மக்க வைக்காதீர்கள்

இந்த ஆடியில் மட்டும் இது நான்காவது பாய். கோவையிலிருந்து ஒரு அக்கா, ஒன்பது மாதத்துக்கு முன் என்னிடம் வாங்கிய தேங்காய் நார்க் கயிற்றுப் பாயைச் சுருட்டிக்கொண்டு, பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கே வந்துவிட்டார். விரித்ததும் பூஞ்சை வாடை அடித்தது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். "கையால நெஞ்சது, வருஷக்கணக்கா வரும்னீங்களே தம்பி?" என்றார். சொன்னேன்தான். ஆனால் வாரம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவி, ஈரம் போகும் முன்பே திரும்ப டைல்ஸ் மேல் விரித்தால் எப்படி வரும்?

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "கப்பல் கயிறே தேங்காய் நார்தானே, தண்ணி என்ன பண்ணும்?" நாரைப் பொறுத்தவரை அது உண்மை. தேங்காய் நாரில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத பொருள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. சணலில் அதில் பாதிகூட இல்லை. ஆலப்புழைப் பக்கம் பச்சை மட்டையைக் காயல் தண்ணீரில் 6 முதல் 10 மாதம் வரை அமிழ்த்தி வைத்துத்தான் வெள்ளை நார் எடுப்பார்கள். நாரைப் பிடித்திருக்கும் பசை அழுகிவிடும், நார் அப்படியே நிற்கும்.

ஆனால் உங்கள் வீட்டுப் பாய் வெறும் நார் இல்லை. அதில் தூசி இருக்கிறது, தலைமுடி இருக்கிறது, சிந்திய டீ இருக்கிறது. பூஞ்சைக்கு அந்த அழுக்கும் கொஞ்சம் ஈரமும் போதும். அடியில் ரப்பர் ஒட்டிய பாய் என்றால் தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரை நாளில் காய வைத்துவிடும். ஜன்னல் சாத்திய ஃபிளாட்டில் மூன்று நாளானாலும் உள்ளே ஈரம் நிற்கும். நனைந்ததால் கெட்ட பாயை நான் பார்த்ததில்லை. காயாமல் கெட்டதைத்தான் தினம் பார்க்கிறேன்.

பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். நாருக்குப் பலம் தரும் லிக்னினைத்தான் அது முதலில் அரிக்கும். பாய் வெளுத்துத் தெரியும், அப்புறம் மிதிக்க மிதிக்க நார் ஒடியும்.

வாரம் ஒருமுறை வெளியே தொங்கவிட்டுக் குச்சியால் தட்டுங்கள், அது போதும். ஏதாவது சிந்தினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நனைந்துவிட்டால் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் கொடியில் போடுங்கள். கடும் வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் சாயம் வெளுக்கும். மடித்து வைக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். புதுப் பாயில் சில வாரம் துண்டு நார் உதிரத்தான் செய்யும், அதற்காகப் போலி என்று சண்டைக்கு வராதீர்கள்.

வாங்கும்போது தடவிப் பாருங்கள். சில கடைகளில் சணலையும் 'நார் விரிப்பு' என்றே கொடுக்கிறார்கள். சணல் வழுவழுவென்று மினுங்கும், ஈரத்தில் பலம் போய்விடும். அது கூடத்துக்குச் சரி, வாசலுக்கு ஆகாது. வாசலுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் முற்றிய மட்டையிலிருந்து எடுக்கும் பழுப்பு நார்தான் நல்லது. சொரசொரப்பாக இருக்கும், செருப்பு மண்ணைச் சுரண்டி எடுத்துவிடும்.

அந்த அக்காவின் பாயில் பாதியை வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தேன். மீதி தேறவில்லை. ஓரத் தையல் பிரிய ஆரம்பித்தவுடனே கொண்டுவந்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான். நீளவாக்கில் ஓடும் பாவுக் கயிறு அறுந்த பிறகு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.